கமிட்டிக் கூட்டத்தில் ஜெபத்துக்கு இடம் எங்கே?

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் கிராமச் சபையின் கமிட்டிக்கு இந்த ஆண்டுதான் வந்தேன். ஆரம்ப ஜெபம் அரை நிமிடம். பிறகு பெயிண்ட் செலவு, ஜெனரேட்டர் டீசல் என்று இரண்டு மணி நேர வாக்குவாதம். போன மாதம் ஆமென் சொல்லும் முன்பே கணக்கு நோட்டு திறந்துவிட்டது!

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், இயேசுவின் சீஷர்கள் பந்தி விசாரிப்பை, அதாவது சாப்பாடு பகிரும் பொறுப்பை, ஏழு பேரிடம் ஒப்படைத்ததே ஜெபத்துக்கும் வசனத்துக்கும் நேரம் வேண்டும் என்றுதானே? 1727இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியச் சபையார் என்ற புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்கள் முறைவைத்துத் தொடங்கிய இடைவிடாத ஜெபம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. நான் கேட்பது அரை மணி நேரம்.

சபைப் போதகரான ஐயரிடம் சொன்னேன். “நீங்களே ஒரு திட்டம் எழுதி வாருங்கள்” என்றுவிட்டார்.

உங்கள் சபையில் கமிட்டி உறுப்பினர்கள் தனியாகக் கூடி ஜெபிக்கிறீர்களா? எந்த நாள், யார் நடத்துகிறார்கள், வேலைக்குப் போகிறவர்களும் வருகிறார்களா? இரண்டாம் ஞாயிறுக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.