குரல் கேட்கிறது என்றதும் பேனாவை மூடிவிடாதீர்கள்

அமெரிக்காவில் மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) என்று முத்திரை விழுவது வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். தவறு முதல் நேர்காணலிலேயே தொடங்கிவிடுகிறது. நோயாளி "காதில் குரல் கேட்கிறது" என்றதும் மருத்துவர் கேட்பதை நிறுத்திவிடுகிறார். கடுமையான மனச்சோர்விலும், மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் போகும் இருமுனைக் கோளாறிலும்கூடக் குரல் கேட்கலாம். ஆகவே மனநிலையை முதலில் கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் நாட்டமில்லாமல் இருந்ததா? ஒரு வாரமாக மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பு தெரியாமல் இருந்ததா? அந்த நாட்களில் மட்டும் குரல் வந்ததா, மனநிலை சீரான பிறகும் வந்ததா? இந்தக் கடைசிக் கேள்விதான் நோயைப் பிரித்துக் காட்டும்: அந்த நாட்களில் மட்டும் என்றால் அது மனநிலைக் கோளாறாக இருக்கலாம். நோயாளியால் சொல்ல முடியாவிட்டால் வீட்டாரிடம் கேளுங்கள். 2019இல் வெளியான ஆய்வில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1,657 பேரின் பதிவுகளைப் பார்த்தார்கள். மனச்சிதைவு என்று எழுதப்பட்டவர்களில், மனச்சோர்வு அறிகுறிகள் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரிடமே அதிகம் தென்பட்டன. முத்திரை தவறினால், இருமுனைக் கோளாறுக்கான லித்தியம் தரவேண்டியவருக்கு மனச்சிதைவுக்கான ஆன்டிசைகாட்டிக் மருந்து மட்டுமே ஏறிக்கொண்டு போகும். வருடக்கணக்கில் போனால் வாயும் நாக்கும் தானாக அசையத் தொடங்கும், சிலருக்கு மருந்தை நிறுத்தினாலும் அது நிற்காது.

*

கேஸ் ஷீட்டில் "முரண்டு பிடிக்கிறார், சந்தேகப்படுகிறார்" என்ற வரியையும் பாருங்கள். போலீஸ் கைவிலங்கு மாட்டிக் கூட்டிவந்தவர் யாரையும் நம்பாமல் இருப்பது பிரமை ஆகாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேடான டிஎஸ்எம்மின் இரண்டாம் பதிப்பு 1968இல் வந்தது; அது பாரனாய்டு (சந்தேகம் மேலோங்கிய) மனச்சிதைவின் விளக்கத்திலேயே பகைமையையும் மூர்க்கத்தையும் சேர்த்தது. கறுப்பினத்தவரின் குடிமை உரிமைப் போராட்டக் காலம் அது. அந்த நிழல் இன்னும் போகவில்லை என்பதுதான் வேதனை. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுங்கள், "ஏன் அப்படி நினைக்கிறீர்கள்?" என்று கேட்டு அந்தப் பதிலையும் சேருங்கள். நோயாளியின் பார்வையையும் பண்பாட்டுப் பின்னணியையும் கேட்டறியவென்றே, அந்தக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பான டிஎஸ்எம்-5இல் 16 கேள்விகள் உண்டு.

*

சரியாகவே மனச்சிதைவு என்றாலும் சிக்கல் தீராது. மற்ற மருந்துகள் கேட்காதபோது கைகொடுப்பது குளோசபின் என்ற மருந்து. ஆனால் அது நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடக்கூடும் என்பதால் ரத்தம் பார்த்தே தருவார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு நியூட்ரோஃபில் எண்ணிக்கை இயல்பாகவே குறைவு. தொற்று அபாயம் அதனால் கூடுவதில்லை. ஆனாலும் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2,000க்குக் கீழே என்று சொல்லி மருந்தை மறுத்தார்கள். 2015இல் இவர்களுக்குத் தொடக்க வரம்பு 1,000 ஆனது. மருந்து தொடங்கும் முன் குறைந்தது இரண்டு முறை ரத்தம் எடுத்து அவரது இயல்பு அளவைப் பதிவு செய்யுங்கள், பழைய ரிப்போர்ட்டுகளையும் கேட்டு வாங்குங்கள்.