சால்ஸ்பர்க்குக்கு நாயோட போறோம், போன யாராச்சும் சொல்லுங்களேன்

லயத்து_அக்கா (சுங்கை சிப்புட்)

வணக்கம் எல்லாருக்கும். என் தங்கச்சி மக ஆஸ்திரியாவுல, வியன்னாவுல வேல செய்யுது, ஜூன் மாசம் நானும் வீட்டுக்காரரும் அதப் பாக்கப் போறோம், அங்கேர்ந்து மூணு பேரும் ட்ரெய்ன் ஏறி சால்ஸ்பர்க் போயி ரெண்டு நாளு தங்கலாம்னு பேச்சு. அதுகிட்ட மிளகுன்னு ஒரு நாய் இருக்கு, லாப்ரடார் கலப்பு, 28 கிலோ, யார்கிட்டயும் விட்டுட்டு வர அதுக்கு மனசில்ல. இங்க தோட்டத்துல நாய்ங்க அது பாட்டுக்குச் சுத்தும், பஸ்ஸுல ஏத்துறதோ சாப்பாட்டுக் கடைக்குள்ள கூட்டிட்டுப் போறதோ நான் பாத்ததே இல்ல. அந்த ஊருல எப்படி? ட்ரெய்ன்ல விடுவாங்களா? எனக்கு இசை மேத மோசார்ட் பொறந்த வீட்ட உள்ள போயி பாக்கணும், ரொம்ப நாள் ஆச.

பழைய_லின்ஸ்_தம்பி

அக்கா நான் படிக்கறப்ப 4 வருஷம் லின்ஸ்ல இருந்தேன், ரூம்மேட்டோட நாயக் கூட்டிட்டு சால்ஸ்பர்க் நாலஞ்சு தடவ போயிருக்கேன், தைரியமா போங்க. ட்ரெய்ன்ல விடுவாங்க, வியன்னாலேர்ந்து ரெண்டர மணி நேரம்தான். ஆனா மிளகு மாதிரி பெரிய நாய்க்கு டிக்கெட் எடுக்கணும், கயிறும் வாய்க்கூடும் (கடிக்காம இருக்க வாயில மாட்டுறது) கண்டிப்பா இருக்கணும், கூடைக்குள்ள அடங்குற குட்டி நாய்க்குத்தான் டிக்கெட் இல்ல. வாய்க்கூட கெளம்புற அன்னிக்கு மாட்டி விட்டா நாய் மூஞ்சிய தரையில தேச்சுக்கிட்டே வரும், அதனால தங்கச்சி மகளுக்கு இன்னிக்கே சொல்லிருங்க, கூட்டுக்குள்ள துண்டு கோழிக்கறி வச்சு அதுவா மூக்க விட்டு எடுத்துத் திங்க விடணும், தெனமும் கொஞ்ச நேரம், பழகிரும்.

காப்பிக்கடை பெரும்பாலும் பிரச்சன இல்ல, நாய் மேச அடியில படுத்துக்கும், கேக்காமலே ஒரு கிண்ணத்துல தண்ணி கொண்டாந்து வைப்பாங்க, மொத தடவ பாத்தப்ப எனக்கு நம்பவே முடியல. ஆனா மளிகச் சாமான் வாங்குற கடைக்குள்ள விட மாட்டாங்க, ஒருத்தர் வெளிய நிக்கணும்.

மோசார்ட் வீடு கெட்ரைடெகாஸ 9ஆம் நம்பர், 1756ல அங்கதான் பொறந்தாரு, இப்ப மியூசியம். மியூசியத்துக்குள்ள நாய் கூடாது, நீங்க மூணு பேரு இருக்கீங்கல்ல, மாத்தி மாத்திப் போங்க. அந்தத் தெரு ரொம்பக் குறுகல், பத்து மணிக்கு மேல கூட்டம் தள்ளும், நாயோட வாலையும் காலையும் மிதிச்சிருவாங்க, அதனால எட்டு மணிக்கெல்லாம் நடந்து முடிச்சிட்டு அப்புறம் பசியாறப் போங்க.

இன்னொண்ணு, ரெசிடென்ஸ் பிளாட்ஸ்ல குதிர வண்டிங்க வரிசையா நிக்கும். ரூம்மேட் நாய் மொதல்ல அசையாம நின்னுச்சு, முதுகு முடியெல்லாம் சிலுத்துக்கிச்சு, அப்புறம் ஒரே பாய்ச்சல், கயிறு என் உள்ளங்கைய உரிச்சிட்டுப் போச்சு. குதிர காத மட்டும் திருப்பிச்சு, நல்ல வேள. மிளகு குதிரயப் பாத்ததில்லன்னா அந்தச் சதுக்கத்த ஓரமா சுத்திப் போங்க.

பீடோர்_டீச்சர்

தம்பி சொன்னது சரி, ஆனா நாய்க்குன்னு உள்ள எடத்தச் சொல்லாம விட்டுட்டாரு! முயுல்ன்ங்கற பகுதி பக்கமா மோன்ஷ்பெர்க் மல ஏறி அப்படியே மேலயே கோட்ட வரைக்கும் நடங்க, முழுக்க மரநெழல், நடுவுல பழைய காவல் மதிலு, கீழ ஊரு மொத்தமும் சால்சாக் ஆறும் தெரியும். அந்த ஹோஹென்சால்ஸ்பர்க் கோட்டய 1077ல கட்ட ஆரம்பிச்சது. அடுத்த நாளு ஹெல்ப்ரூன் அரமனைக்குப் போற மரச்சால இருக்கு, ரெண்டு பக்கமும் பழைய மரங்க, மோட்டார் வண்டித் தொல்ல இல்ல. ரெண்டு நாள்ல எல்லா மியூசியமும் பாக்கணும்னு ஓடாதீங்க அக்கா, நாய் களச்சுப் போயி நடுத்தெருவுல படுத்துக்கும்.

புல்லுல போயிட்டு வந்தா உண்ணி பாருங்க, நம்ம தோட்டத்து உண்ணி மாதிரி நெனச்சிராதீங்க, ஆஸ்திரியா உண்ணி மனுசனுக்கு மூளக்காய்ச்சல் குடுக்கும், அதுக்குத் தடுப்பூசி இருக்கு, இப்பவே டாக்டர்கிட்ட கேளுங்க. நாயோட காதுக்குள்ள, கக்கத்துல, வெரலிடுக்குல தடவிப் பாருங்க, உங்க முழங்காலுக்குப் பின்னாடியும்.

மோசார்ட் சாக்லேட் உருண்டை வாங்கினா பைய மேல தொங்க விடுங்க. 1890ல பால் ஃபுர்ஸ்ட்ங்கற மிட்டாய்க்காரரு செஞ்சது, அவரு கடையோடது வெள்ளி நீலத் தாள்ல வரும். சாக்லேட் நாய்க்கு விஷம், லாப்ரடார் தாளோடவே முழுங்கிரும்.

லயத்து_அக்கா

ரொம்ப நன்றி தம்பி, டீச்சர். இப்பத்தான் தங்கச்சி மககிட்ட போன்ல பேசுனேன், வாய்க்கூடு வாங்கி ஒரு வருஷமா அலமாரியில கெடக்குதாம், மாட்டுனதே இல்லயாம், இன்னிக்கு ராத்திரியே கோழிக்கறி வக்கிறேன்னு சொல்லிட்டா. மழ எப்படி, ஜூன்ல?

பழைய_லின்ஸ்_தம்பி

பெய்யும்க்கா. அந்த ஊரு மழைக்கு கயிறு மழன்னே பேரு, நூலு கட்டி விட்ட மாதிரி நிக்காம எறங்கும். நாய் தொடைக்க பழைய துண்டு ரெண்டு எடுத்துக்கங்க, ஹோட்டல் புக் பண்றப்பவே நாய் இருக்குன்னு எழுதிருங்க, சில எடத்துல நாய்க்கு தனிக் காசு கேப்பாங்க.

லயத்து_அக்கா

சரி தம்பி, துண்டு இங்கேர்ந்தே கொண்டு போறேன். மலப்பாத மொத நாளு, மோசார்ட் வீடு ரெண்டாம் நாளு காலையில, வீட்டுக்காரரு மிளகோட ஆத்தோரம் நிக்கிறேன்னு ஒத்துக்கிட்டாரு.