புதுப்பிப்பு: நிலத்தடி நீர்ப் பாடத்தை ஊர்க் கிணறுகளில படிப்பிச்சது

நிலத்தடி நீர்ப் பாடத்தைப் புத்தகத்துக்கு வெளியில எப்பிடிக் காட்டுறது எண்டு இஞ்ச கேட்டிருந்தனான், பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னது அருமையான யோசனை, மேல நன்னீர் ஆழத்தில உப்புத்தண்ணி எண்டதைக் காட்ட அதைவிட நல்ல இடம் இல்லை, ஆனா பஸ், அனுமதி எண்டு இழுபட்டு அடுத்த தவணைக்குப் போட்டுது. சரிவந்தது, பள்ளிக்கூடத்தைச் சுத்தியிருக்கிற வீட்டுக் கிணறுகளை அளந்து பாருங்கோ எண்டு ஒரு அக்கா எழுதினதுதான். கயித்தில கல்லைக் கட்டி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, கல்லு தண்ணியில படுற சத்தம் கேட்டதும் முடிச்சை எண்ணி பிள்ளையளே எழுதினவை, ஐப்பசி மழைக்கு முதல் ஒருக்கா, மார்கழியில ஒருக்கா. மட்டம் ஏறினதைக் கண்டாப்பிறகு, நிலத்துக்குக் கீழ இருக்கிற சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால மழைத்தண்ணி இறங்குறதை நான் பெரிசா விளங்கப்படுத்தத் தேவைப்படேல்லை.

எதிர்பாராதது என்னெண்டா, வெங்காயத் தோட்டம் செய்யிற ஐயா ஒருத்தர் தானா வந்து, துலா (ஏற்றம்) மிதிச்சு இறைச்ச காலத்தையும் மோட்டர் வந்தாப்பிறகு இறைப்புக் கூடினதையும் சொன்னார், பிள்ளையள் வீட்டுக்குப் போக மனமில்லாமல் கேட்டுக்கொண்டு நிண்டவை.

செய்யப்போற ஆசிரியர்மார் வீட்டுக்காரரிட்டை முதலே கேளுங்கோ, கட்டில்லாத கிணத்தடிக்குப் பிள்ளையளை விடாதேங்கோ.