மானிட்டரில் அடைப்புக்குறிக்குள் வரும் பிரஷர் எண் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். ரத்தத்தில் பரவிய தொற்றால் அப்பா ஐசியூவில் இருக்கிறார். மானிட்டரில் 92/50, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 64. அதுதான் சராசரி தமனி அழுத்தம் என்றார் நர்ஸ். இதயம் சுருங்கும் நேரத்தைவிட விரியும் நேரம் அதிகம், அதனால் கீழ் எண்ணை இரண்டு முறையும் மேல் எண்ணை ஒரு முறையும் கூட்டி 3-ஆல் வகுக்க வேண்டுமாம். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போதுமான ரத்தம் போகுமா என்று இதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். 65-க்குக் குறையாமல் இருக்க நார்அட்ரினலின் (பிரஷரை ஏற்றும் மருந்து) டிரிப்பில் ஓடுகிறது.

என் கவலை வேறு. அப்பாவுக்குப் பல வருடமாகவே பிரஷர் அதிகம், வீட்டில் பார்த்தால் 150/90 இருக்கும். அதாவது சராசரி 110. அதற்குப் பழகிய சிறுநீரகத்துக்கு 65 போதுமா? சிறுநீர் வேறு குறைந்திருக்கிறது. ஐசியூவில் வேலை பார்ப்பவர்கள் யாராவது இருந்தால், நாளை டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நான் என்னென்ன கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள், ப்ளீஸ்.