புதுப்பிப்பு: பாட்டியின் பாட்டிக்கு 'அல்மா' என்று ஏன் பெயர் வைத்தார்கள்?

குடும்பத்தில் வேறு யாருக்குமே இல்லாத இந்தப் பெயர் எப்படி வந்தது என்று முன்பு கேட்டிருந்தேன். ஞானஸ்நானப் பதிவேட்டின் நகல் கிடைத்துவிட்டது. பிறப்பு 1855, தகப்பன் பிரிட்டிஷ் படைவீரர். அதோடு பாதி முடிச்சு அவிழ்ந்தது.

1854 செப்டம்பர் 20 அன்று கிரிமியாவில், அல்மா ஆற்றங்கரையில், பிரிட்டிஷ், பிரெஞ்சு, துருக்கியப் படைகள் ரஷ்யர்களைத் தோற்கடித்தன. அதன்பின் பிரிட்டனில் பெண் குழந்தைகளுக்கு அந்தப் பெயர் வைப்பது பரவியது. (நல்லவேளை, அடுத்த மாதம் நடந்த பலாக்லாவா போரின் பெயரை வைக்கவில்லை!)

சரி, தகப்பன் அங்கே போரிட்டாரா, இல்லை செய்தி கேட்டுப் பெயர் வைத்தாரா? கிரிமியப் போரில் பங்கேற்ற பிரிட்டிஷ் வீரர்களுக்குத் தந்த கிரிமியப் பதக்கத்தில், அல்மா போரில் இருந்தவர்களுக்கென்றே பெயர் பொறித்த தனி உலோகப் பட்டை உண்டு. பதக்கம் பெற்றோர் பட்டியல்கள் லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பதிவேட்டில் படைப்பிரிவின் பெயரும் இருப்பதால், அடுத்து அதைத்தான் தேடப் போகிறேன்.