மழை முடிந்த மாடித்தோட்டம்: 2,000 ரூபாய்க்குள் தைப்பட்டத்துக்குத் தேற்ற முடியுமா?

கீரைக்கட்டு

வணக்கம். இடம் திருச்சி. மொட்டைமாடியில் 22 பைகள் இருக்கின்றன. 12×12 அங்குலத்தில் 14, 15×15 அங்குலத்தில் 8. செம்மண், தென்னைநார்த்தூள், தொழுவுரம் மூன்றையும் சம அளவில் கலந்து நிரப்பியது. நிரப்பி மூன்று வருடம் ஆகிறது.

கார்த்திகை மழைக்குப் பிறகு எல்லாப் பையிலும் மண் மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. தண்ணீர் ஊற்றினால் மேலேயே நிற்கிறது. நாலைந்து பைகளின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிந்திருக்கிறது. கத்தரி, தக்காளி இருந்த பைகளில் செடிகள் மதியம் வாடி, மாலையில் தேறி, கடைசியில் ஒரேயடியாகப் போய்விட்டன.

கடையில் கேட்டால் "பழைய மண்ணைக் கொட்டிவிட்டு ரெடிமிக்ஸ் (கலந்தே விற்கும் மண் கலவை) போடுங்கள்" என்கிறார்கள். 22 பைக்கு அந்தக் கணக்கு நமக்குக் கட்டுப்படியாகாது. கையில் 2,000 ரூபாய். தை முடிவதற்குள் விதைக்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். எதில் செலவு செய்வது, எதை விடுவது?

உமிக்கரி

மண்ணைக் கொட்டாதீர்கள். உங்கள் கலவையில் மக்கிக் கரைந்துபோனது நார்த்தூளும் தொழுவுரமும்தான். அதனால்தான் இறங்கியது, இறுகியது. செம்மண் அப்படியே இருக்கிறது. அதையே திரும்பக் காசு கொடுத்து வாங்குவானேன்? மழை அடித்துக்கொண்டு போனது தழைச்சத்தும் சாம்பல் சத்தும். அவற்றைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

பையைக் கவிழ்த்துப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். ஈரத்தோடு கிளறினால் கட்டி கட்டியாகும். பிறகு அது உடையவே உடையாது. கையில் பிடித்தால் உருண்டையாகவும், விரலால் தட்டினால் உதிரவும் செய்வதுதான் பதம். தடித்த வேர்களை எடுத்துவிடுங்கள், மெல்லிய வேர் கிடக்கட்டும், மக்கிவிடும். பையின் அடியில் இரண்டு அங்குலம் கறுத்து, சாக்கடை வாடை அடித்தால் அங்கே காற்றே போகவில்லை என்று பொருள். அந்தப் பகுதியைத் தனியாக இன்னும் ஒரு வாரம் காய விடுங்கள். வெள்ளையாக, அரைவட்டமாகச் சுருண்ட தடித்த புழு கிடைத்தால் அது வண்டின் புழு. எடுத்து அப்புறப்படுத்துங்கள். ஒரு பையில் இரண்டு இருந்தாலே வேரைத் தின்று தீர்த்துவிடும்.

இனி கணக்கு. 12 அங்குலப் பைக்குச் சுமார் 6 லிட்டர், 15 அங்குலப் பைக்கு 10 லிட்டர் புதுப் பொருள் தேவை. மொத்தம் 165 லிட்டர் அளவில் வரும். மண்புழு உரம் 50 கிலோ வாங்கினால் கிட்டத்தட்ட 80 லிட்டர். 5 கிலோ நார்த்தூள் கட்டி ஒன்றை ஊறவைத்தால் 65 லிட்டர். மீதிக்குக் கருக்கிய உமி, அதாவது உமிக்கரி. அது கட்டாயம் வேண்டும். நார்த்தூள் மறுபடியும் இரண்டு வருடத்தில் கரையும், உமிக்கரி கரையாது, காற்றோட்டத்தைப் பிடித்து வைக்கும். ஆனால் மொத்தக் கலவையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அது காரத்தன்மை உடையது. பச்சை உமியையும் மக்காத சருகையும் கலக்காதீர்கள். அவை மக்குவதற்கு மண்ணிலுள்ள தழைச்சத்தையே இழுத்துக்கொள்ளும், செடி வெளிறி நிற்கும்.

நார்த்தூள் கட்டியை நீரில் உடைத்து ஒரு நாள் ஊறவைத்து, தேநீர் நிறத் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை பிழிந்து ஊற்றுங்கள். உப்பு அதோடு போகும். கழுவாமல் போட்டால் முளைத்த நாற்று நுனி கருகும்.

மண்புழு உரத்தோடு வேப்பம்புண்ணாக்கு 3 கிலோ, டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை, பொடியாக வரும்) 1 கிலோ சேர்த்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்குத் தண்ணீர் தெளித்து, நிழலில் ஈரச்சாக்கு போட்டு மூடி 10 முதல் 15 நாள் வையுங்கள். நடுவில் ஒரு முறை புரட்டுங்கள். மேலே வெண்மையாகவும் பிறகு பச்சையாகவும் பூஞ்சை படரும். பயப்பட வேண்டாம், அதற்குத்தானே வைத்தோம். புண்ணாக்கின் சூடும் இங்கேயே அடங்கிவிடும். நேராகப் பையில் போட்டு அன்றே விதைத்தால் முளை வெந்துவிடும். இந்தப் பொடிகளில் தயாரித்த தேதி பாருங்கள். ஆறு மாதம் கடந்ததை வாங்குவது வெறும் டால்க் பொடி வாங்குவதற்குச் சமம்.

எங்கள் பக்க விலையில் மண்புழு உரம் 550, நார்த்தூள் 200, புண்ணாக்கு 150, டிரைக்கோடெர்மா 150, உமிக்கரி 50. ஆக 1,100. மீதியில் விதை, வேப்பெண்ணெய், நிழல்வலை.

மொட்டைமாடி

மண்ணைக் கறுப்புப் பாலித்தீன் போட்டு ஒரு வாரம் வெயிலில் மூடி வையுங்கள். எல்லாக் கிருமியும் செத்துவிடும். டிரைக்கோடெர்மா செலவே மிச்சம்.

வேர்க்கணக்கு

மொட்டைமாடி அண்ணா, அந்த முறைக்குக் கறுப்பு அல்ல, கண்ணாடி போன்ற மெல்லிய பாலித்தீன் வேண்டும். வெயில் உள்ளே போய் மண் சூடாக வேண்டும். கறுப்புப் போட்டால் ஷீட் சூடாகுமே தவிர, மண்ணுக்கு அந்தச் சூடு அவ்வளவாகப் போகாது. மண் ஈரமாகவும் இருக்க வேண்டும், உலர்ந்த மண்ணில் சூடு இறங்காது. அப்படியும் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் சித்திரை, வைகாசி வெயிலில் செய்தால்தான் பலன். தை மாத வெயில் அதற்குப் பத்தாது.

உமிக்கரி சொன்னதில் ஒன்றே ஒன்றைச் சேர்க்கிறேன், இது முக்கியம். 22 பையையும் ஒரே குவியலாகக் கொட்டாதீர்கள். மதியம் வாடி, மாலையில் தேறி, கடைசியில் செத்த செடிக்கு வேரிலோ தண்டிலோ நோய் இருக்கலாம். கத்தரி, தக்காளிப் பைகளை முதலில் தனியே கவிழ்த்து வேரைக் கழுவிப் பாருங்கள்.

வேரில் முடிச்சு இருக்கிறதா? நகத்தால் தள்ளிப் பாருங்கள். அவரை, தட்டைப்பயறு வேரில் உள்ள முடிச்சு மணி போலத் தனியே கழன்று வரும், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அது நல்லது, தழைச்சத்து சேர்ப்பது. கத்தரியிலும் தக்காளியிலும் அது வராது. வேரே வீங்கி, கழற்ற முடியாமல் இஞ்சிக் கிழங்கு மாதிரி கோணலாக இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. அந்த மண்ணை மற்ற மண்ணோடு கலந்தால் இருக்கிற 22 பையிலும் பரப்பி விடுகிறீர்கள்.

முடிச்சு இல்லை, ஆனால் தண்டைக் குறுக்கே வெட்டினால் உள்ளே பழுப்பு வளையம் தெரிகிறதா? வாடல் நோய். வெட்டிய தண்டை ஒரு டம்ளர் தெளிந்த நீரில் தொங்கவிட்டுச் சில நிமிடம் பாருங்கள். பால் போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். டிரைக்கோடெர்மா பூஞ்சையைத்தான் அடக்கும், இதற்கு உதவாது. அந்தப் பையில் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் கூடாது.

நூற்புழு உள்ள பைகளில் புண்ணாக்கை இரண்டு மடங்காக்கி, இந்தப் பட்டத்துக்கு நெருக்கமாகச் செண்டுமல்லி விதையுங்கள். அதன் வேரிலிருந்து வருவது நூற்புழுவைக் குறைக்கும், பூவும் கிடைக்கும். பூ முடிந்ததும் அந்த மண்ணுக்கு மட்டும் சித்திரையில் தெளிந்த பாலித்தீன் மூடுங்கள். வெண்டையும் நூற்புழுவுக்குப் பிடித்த பயிர்தான், தப்பித்தவறியும் அங்கே போடாதீர்கள்.

கீரைக்கட்டு

நன்றி. மூன்று 12 அங்குலப் பைகளில் நீங்கள் சொன்ன கோணல் முடிச்சு இருக்கிறது. அவற்றைத் தனியே வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். ஐந்து பைகள் கைபட்டதும் பொடிப்பொடியாக உதிர்கின்றன. புதுப் பை வாங்கவா, அரிசிச் சாக்கு போதுமா? இன்னொன்று, வெள்ளை உப்புப் படிந்த மண்ணை என்ன செய்வது? போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். என்ன விதைக்கலாம் என்றும் சொல்லுங்கள்.

பந்தல்கால்

விதை பத்தி நான் சொல்றேங்க, சாக்கு விஷயத்தை உமிக்கரி சொல்லட்டும்.

தக்காளியை இந்தப் பட்டத்துல விட்டுடுங்க. இப்ப நாத்து விட்டா மாசி நடுவுல நடணும், பங்குனியில பூக்கும். பகல்ல 35 டிகிரி தாண்டி, ராத்திரியும் சூடு எறங்கலைன்னா மகரந்தம் செத்துப் பூ கொட்டிடும். திருச்சி வெயிலுக்குச் செடி மட்டும் பச்சையா நிக்கும், காய் இருக்காது. உரம் பத்தலைன்னு நெனச்சு மேல மேல போடறதுதான் அடுத்து எல்லாரும் செய்யறது.

வெண்டை போடுங்க. விதையை ராத்திரி ஊற வெச்சு, காலையில நிழல்ல ஆற வெச்சு, அரை அங்குல ஆழத்துல 12 அங்குலப் பைக்கு ரெண்டு விதை. 45 நாள்ல காய் வரும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறிக்கணும். விட்டா முத்தும், செடியும் அடுத்த காய்க்குச் சோம்பும். வெயில் ஏறினா வெள்ளை ஈ வரும், அது மஞ்சள் நரம்பு நோயைக் கொண்டாந்து விடும். நரம்பு மஞ்சளான செடிக்கு மருந்து கெடையாது, அன்னிக்கே பிடுங்கிடுங்க. மஞ்சள் அட்டையில விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்துக்குத் தொங்க விட்டா ஈ ஒட்டும். கடையில விக்கற ஒட்டுப்பொறிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

15 அங்குலப் பை எட்டும் கொடிக்கு. பாகல், புடலை, பீர்க்கை, பைக்கு ஒரே கொடி. ரெண்டு விட்டா ரெண்டும் காய்க்காது. பாகல் விதைத் தோல் கெட்டி. நுனியை நகவெட்டியால லேசா ஒடச்சு ஊற வெச்சா ஒரே சமயத்துல முளைக்கும். மொதல்ல வரதெல்லாம் ஆண் பூதான், கொட்டுதேன்னு கவலைப்படாதீங்க. பெண் பூவுக்கு அடியில குட்டிக் காய் இருக்கும். மாடி உயரத்துக்குத் தேனீ வரலைன்னா நீங்களே ஆண் பூவைப் பறிச்சு ஒத்தி விடணும். பாகலுக்குக் காலங்காத்தால, பீர்க்கைக்குச் சாயங்காலம், ஏன்னா அது அப்பத்தான் விரியும். பிஞ்சு விரல் நீளம் ஆனதும் செய்தித்தாள்ல உறை செஞ்சு மாட்டுங்க. இல்லைன்னா பழ ஈ குத்தி உள்ளே முட்டை வெச்சுடும், புழு வந்துடும்.

நல்ல 12 அங்குலப் பையில ரெண்டை ஒதுக்கி முளைக்கீரை தூவுங்க, 25 நாள்ல பறிச்சுடலாம். விதையை நாலு பங்கு மணலோட கலந்து தூவி, மெல்லிசா மண் போட்டு மூடுங்க. மூடலைன்னா எறும்பு சுமந்துட்டுப் போயிடும். விதை எல்லாம் சேர்த்து 200 ரூபாய்க்குள்ள அடங்கும். தோட்டக்கலைத் துறை அலுவலகத்துல மானிய விலையில மாடித்தோட்டத் தொகுப்பு இருக்கான்னும் ஒரு வார்த்தை கேளுங்க. இருந்தா பை, நார்த்தூள், விதை எல்லாம் அதுலயே வந்துடும்.

உமிக்கரி

அரிசிச் சாக்கு வேண்டாம். வெயிலில் ஆறேழு மாதத்தில் நூல் நூலாக உதிர்ந்து மண்ணோடு கலந்துவிடும், பிறகு பொறுக்க முடியாது. 20 லிட்டர் பெயின்ட் வாளி பழைய இரும்புக் கடையில் மலிவாகக் கிடைக்கும். நீர் சார்ந்த பெயின்ட் இருந்ததாகப் பார்த்து வாங்கி, ஒட்டியிருப்பதைச் சுரண்டிக் கழுவுங்கள். துளையை அடியில் மட்டும் போடாமல், பக்கவாட்டில் அடியிலிருந்து அரை அங்குலம் மேலே சுண்டுவிரல் கனத்தில் ஐந்தாறு போடுங்கள். அடித்துளை தரையில் அழுந்தி அடைத்துக்கொள்ளும்.

அதைவிட இன்னொரு வழி. ஐந்து பை உதிர்கிறது என்றால் அதற்குப் பதில் வாங்கவே வேண்டாம். நோயில்லாத அந்த மண்ணை இறங்கிப்போன மற்ற பைகளில் நிரப்பிவிடுங்கள். 17 பை போதும். புதுப் பொருளும் குறைவாகச் செலவாகும், பங்குனி சித்திரையில் தண்ணீர் சுமக்கும் வேலையும் குறையும்.

உப்புப் படிந்ததற்கு: மேல் அரை அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். மிச்ச மண்ணில் உமிக்கரி கலந்து பையில் நிரப்பியபின், பை மண்ணின் கொள்ளளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். 12 அங்குலப் பைக்கு 35 லிட்டர் வரை ஆகும். ஒரே மூச்சாக வேண்டாம், அரை மணி விட்டு நாலைந்து தவணையாக. அடித்துளை வழியாக ஓடி வடிய வேண்டும், ஓடவில்லை என்றால் முதலில் துளையைக் குத்திவிடுங்கள். இதை உரக்கலவை சேர்ப்பதற்கு முன் செய்யுங்கள், பின்னால் செய்தால் உரமும் சேர்ந்தே கழுவிப்போகும். காவிரித் தண்ணீர் குழாயில் வந்தால் அதையே ஊற்றுங்கள். போர் தண்ணீர்தான் வழி என்றால், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதை விட்டு, அடியில் சொட்டும்வரை ஊற்றி, விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து உலர்ந்தபின் அடுத்தது ஊற்றுங்கள். நார்த்தூள் மேலே காய்ந்து, உள்ளே ஈரமாக இருக்கும். மேல்பரப்பை நம்பி ஊற்றியே பாதிச் செடி அழுகிப்போகிறது.

15 அங்குலப் பை நனைந்தால் 25 கிலோவுக்கு மேல் எடை. எட்டையும் மாடி நடுவில் வைக்காமல் கைப்பிடிச் சுவரோரம், கீழே சுவரோ உத்திரமோ உள்ள இடமாகப் பார்த்து, செங்கல் மேல் வையுங்கள். நிழல்வலையை இப்போதே கட்டாதீர்கள். தை, மாசியில் நாற்றுக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் வளர்ந்தால் நெடுநெடுவென்று போய்ச் சாயும். பங்குனிப் பிறப்பில் 50 சதவீத வலை, வெண்டைக்கு மேல் மட்டும்.

கீரைக்கட்டு

17 பைக் கணக்கு பிடித்திருக்கிறது. நாளைக்கே மண்புழு உரம் சொல்லிவிடுகிறேன். 17 பைக்கும் 50 கிலோவே வேண்டுமா?

உமிக்கரி

40 போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு 10 கிலோ வாங்கி, கோணிப்பையில் கட்டி நிழலில் வையுங்கள். முதல் பூ வரும்போது 12 அங்குலப் பைக்கு இரண்டு கைப்பிடி, கொடிக்கு நாலு கைப்பிடி, தண்டை ஒட்டாமல் ஓரமாகப் போட்டுக் கொத்திவிடலாம்.