நாம் கேட்ட ஊரா, பாயிண்ட் காட்டிய ஊரா? டைம்ஷேர் அனுபவங்கள்

அண்ணாநகர் அப்பா:

எங்களிடம் ஒரு டைம்ஷேர் மெம்பர்ஷிப் இருக்கிறது, அதாவது மொத்தமாகப் பணம் கட்டி வருடத்தில் சில நாள் ரிசார்ட்டில் தங்கும் உரிமை. எங்கள் ஹோம் ரிசார்ட், அதாவது நமக்கென்று எழுதிய ஊர், கொடைக்கானல். கொடைக்கானல் போய்ப் போய் வீட்டில் எல்லோருக்கும் சலித்துவிட்டது. இனி ஏரியைச் சுற்றி சைக்கிள் ஓட்ட ஆள் கிடையாது. அந்த நாட்களுக்குரிய பாயிண்டை ஆர்.சி.ஐ. என்ற எக்ஸ்சேஞ்ச் கம்பெனி வழியாக வேறு ரிசார்ட்டுக்கு மாற்றி வெளிநாடே போகலாம் என்று விற்கும்போது சொன்னார்கள். அப்படி உண்மையிலேயே போய் வந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள். எந்த ஊர், எப்படிக் கிடைத்தது, கையிலிருந்து கூடுதலாக என்ன போனது? "இதையெல்லாம் ஏன் சார் வாங்கினீங்க" என்று கேட்க வருபவர்கள் தயவுசெய்து அடுத்த கடைக்குப் போகவும். வாங்கி ரொம்ப நாளாகிவிட்டது.

டாலஸ் தம்பி:

சார், என்னுடையது அமெரிக்கக் கதை, ஆனாலும் விஷயம் ஒன்றுதான். எங்களுக்குப் பாயிண்ட் இருப்பது ஆர்லாண்டோவில். அந்த ஊருக்கு நாங்கள் போய் வருஷக்கணக்காகிறது. ஆர்லாண்டோவிலும் பக்கத்துக் கிஸிமியிலும் டைம்ஷேர் கட்டடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பள்ளி நடக்கும் மாதங்களில் யாருடைய பாயிண்டுக்கும் அங்கே இரண்டு பெட்ரூம் வீடே கிடைத்துவிடும். எல்லோருக்கும் சுலபமாகக் கிடைக்கிற ஊரை வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சுக்குப் போய் நின்றால் நமக்கு என்ன மரியாதை இருக்கும்? ஹவாய் கேட்டோம், சான் டியாகோ கேட்டோம். திரையில் வந்தது மிசூரி மாநிலத்தில் பிரான்சன்.

பிரான்சன் எங்கே இருக்கிறது என்றே மேப்பில் தேடித்தான் பார்த்தோம். ஓசார்க் மலைப்பக்கம், டாலஸிலிருந்து காரில் ஏழு மணி நேரம். தெருவுக்குத் தெரு கன்ட்ரி மியூசிக் அரங்குகள், உள்ளே பாதிப் பேர் பேருந்தில் வந்து இறங்கிய தாத்தா பாட்டிகள். நமக்கு இங்கே என்ன வேலை என்றுதான் முதல் நாள் தோன்றியது. ஆனால் அது அக்டோபர் கடைசி. டேபிள் ராக் ஏரியைச் சுற்றி மலை முழுக்க இலை நிறம் மாறி நின்றது. சில்வர் டாலர் சிட்டி என்று ஒரு தீம் பார்க், 1960-ல் ஒரு குகையின் வாசலில் தொடங்கியது. நூற்றுக்கணக்கான படி இறங்கிக் குகையைப் பார்த்துவிட்டு, மேலே வர ஒரு குட்டி ரயில். பிள்ளைகள் டிஸ்னியைவிட அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கேட்ட ஊர் கிடைத்திருந்தால் இந்த ஊருக்கு ஜென்மத்துக்கும் போயிருக்க மாட்டோம்.

ஒரு எச்சரிக்கை. செக்-இன் கவுன்டரில் சாவி கொடுப்பார்கள், பார்க்கிங் பாஸை மட்டும் "அந்த டேபிள்ல வாங்கிக்கோங்க" என்று கை காட்டுவார்கள். அந்த டேபிள் சேல்ஸ் ஆட்களுடையது. எங்களிடம் வந்தவர் பாஸைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். எந்த ஊர், எத்தனை பிள்ளைகள், நாளைக் காலை ஒன்றரை மணி நேரம் "ஓனர் அப்டேட்" என்கிற விற்பனைப் பேச்சுக்கு வந்தால் கிஃப்ட் கார்டு, டிபன் இலவசம். என் மனைவி சிரித்த முகத்தோடு பாஸின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். அவர் விடும்வரை இவளும் விடவில்லை. அந்த ஒன்றரை மணி நேரம் மூன்று மணி நேரமாக நீளும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. தப்பித் தவறி வாங்குவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் ரத்து செய்யச் சட்டத்தில் அவகாசம் உண்டு. புளோரிடாவில் 10 நாள், ஹவாயிலும் கலிபோர்னியாவிலும் 7 நாள், நெவாடாவில் 5 நாள். எழுத்தில் கொடுக்க வேண்டும். போனில் சொன்னால் செல்லாது.

டொரொன்டோ அக்கா:

தம்பி சொன்ன மேசை எல்லா நாட்டிலும் இருக்குது. நான் சொல்ல வந்தது வேற.

கனடாவில் இருந்து குளிர் காலத்தில் எல்லாரும் பார்ப்பது மெக்சிகோ, டொமினிக்கன் பக்கம்தான். எக்ஸ்சேஞ்சில் புன்டா கானாவில் கிழமைக்கணக்கில் அறை கிடக்கும். சரியான மலிவாகத் தெரியும். கீழே சின்ன எழுத்தில் "கட்டாய ஆல்-இன்க்ளூசிவ்" என்று போட்டிருந்தால் நின்று வாசியுங்கோ. அறைக்குத்தான் பாயிண்ட். சாப்பாடு, குடிக்கு ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று அங்கே போய்க் கட்ட வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஏலாது. மச்சம் மாமிசம் சாப்பிடாத மாமியாருக்கும் அதே காசு. நாங்கள் கூட்டிப் பார்த்தோம், டிராவல் ஏஜென்ட் விமான டிக்கெட்டோடு சேர்த்துத் தரும் பேக்கேஜ் அதைவிடக் குறைவாக வந்தது. அந்தப் பாயிண்டை அங்கே வீணாக்காமல் சமையலறை உள்ள இடத்துக்குப் பாவித்தோம்.

ஆர்.சி.ஐ. மாதிரியே இன்டர்வெல் என்று இன்னொரு எக்ஸ்சேஞ்ச் கம்பெனி இருக்குது, அதில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. பயணத்துக்கு 59 நாளுக்குள் வந்துவிட்டால் அதை ஃபிளெக்ஸ்சேஞ்ச் என்கிறார்கள். அந்த நேரத்தில் சின்ன ஸ்டுடியோவைக் கொடுத்தும் பெரிய வீடு எடுக்கலாம். வேலையில் லீவு உடனே எடுக்கக்கூடிய ஆக்களுக்கு, காரில் போகக்கூடிய தூரத்துக்கு, அதுதான் வாய்ப்பு. விமான டிக்கெட் எடுக்க வேண்டிய ஊர் என்றால் பாயிண்டில் மிச்சம் பிடித்தது டிக்கெட்டில் போய்விடும்.

சான்ஹோசே சித்தி:

ஹவாய் கேட்டுக் கிடைக்கவில்லை என்று தம்பி சொன்னதற்காக எழுதுகிறேன். கிடைக்கும், ஆனால் டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் கேட்க வேண்டும். தேங்க்ஸ்கிவிங் முடிந்து கிறிஸ்துமஸ் தொடங்கும் முன் ஒரு இடைவெளி இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பள்ளி இருப்பதால் குடும்பங்கள் வராது. நான் ஒரு வருஷத்துக்கு முன்பே தேடல் போட்டு வைத்துவிடுவேன், முன்பணம் கட்டி. யாராவது தங்கள் வாரத்தை எக்ஸ்சேஞ்சில் டெபாசிட் செய்ததும், அதாவது மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்ததும், அது முதலில் காத்திருப்பவர்களுக்குத்தான் போகும், மிச்சம் மீதிதான் எல்லோரும் பார்க்கும் திரைக்கு வரும். தினமும் போய்த் தேடிப் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்பவர்கள் அந்த மிச்சத்தைத்தான் பார்க்கிறார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது காவாய் தீவு. வடக்கே பிரின்ஸ்வில், தெற்கே போயிபூ என்று இரண்டு பக்கம் இருக்கிறது. டிசம்பரில் வடக்கே வேண்டாம் என்பது என் கருத்து. மழை, அலையும் ஆளை அடிக்கும், ஸ்நார்க்கலிங் நினைத்தே பார்க்க முடியாது. போயிபூவில் வெயில். அப்புறம் ஹவாயில் டைம்ஷேரில் தங்குபவர்களுக்கு மாநில வரி ஒன்று தனியாக உண்டு, எக்ஸ்சேஞ்சில் வந்தாலும் செக்-இன் செய்யும்போது கட்ட வேண்டும். சில இடங்களில் பார்க்கிங் கட்டணமும் அப்படியே. பதறாதீர்கள், ஏமாற்று வேலை இல்லை.

இதையெல்லாம்விட நான் சொல்ல வந்தது கோயிலைப் பற்றி. வைலுவா ஆற்றங்கரையில் இறைவன் கோயில் என்று ஒரு சிவன் கோயில் இருக்கிறது. 2023 மார்ச்சில் கும்பாபிஷேகம் ஆனது. வரைந்து கொடுத்தவர் கன்னியாகுமரி வள்ளுவர் சிலையை அமைத்த கணபதி ஸ்தபதி. கல் முழுக்கப் பெங்களூர்ப் பக்கத்தில் கையாலேயே செதுக்கிக் கப்பலில் அனுப்பினார்கள். இடத்தை 1970-ல் ஆசிரமமாக்கியவர் சிவாய சுப்பிரமுனியசுவாமி, அமெரிக்கர். அவருடைய குரு யாழ்ப்பாணத்து யோகர் சுவாமி. டொரொன்டோ அக்காவுக்கு இது தெரிந்திருக்கும். காலையில் போக வேண்டும், கார் நிறுத்த இடம் முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

உள்ளே கருவறையில் மூன்றடிக்குச் சற்று மேல் உயரத்தில் ஒரு ஸ்படிகம். செதுக்கியது இல்லை, பூமியில் விளைந்தபடியே ஆறு பட்டையாக நிற்கிறது. எங்கள் அத்தை கோயிலைச் சுற்றி வந்து ஒவ்வொரு தூணாகத் தட்டிப் பார்த்தார், தஞ்சாவூர்க்காரர் இல்லையா. "ஒளி எங்கேயிருந்து வருது பாரு, ஒயரே காணோம்" என்றார். கோயிலுக்குள் மின்சாரமே வைக்கவில்லை. பசிபிக் நடுவில் அப்படியொரு கற்கோயிலை எதிர்பார்த்து நாங்கள் போகவில்லை. பீச்சுக்காக எடுத்த வாரம் அது.

ரிட்டயர்டு ஆடிட்டர்:

அண்ணாநகர் சார், "ஏன் வாங்கினீர்கள்" என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒரு இரவுக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் போடாமல் எந்த ஊர் லாபம் என்று யாராலும் சொல்ல முடியாது.

உதாரணத்துக்கு 5 லட்சம் கொடுத்து 25 வருட மெம்பர்ஷிப், வருடம் 7 இரவு, ஆண்டுச் சந்தா ஜி.எஸ்.டி.யோடு 25,000 என்று வைத்துக்கொள்வோம். விற்பவர் போடும் கணக்கு: 5 லட்சத்தை 25-ஆல் வகுத்தால் 20,000, அதோடு 25,000, ஆக இரவுக்கு 6,400 சொச்சம். அவர் வட்டியை விட்டுவிடுகிறார். அதே 5 லட்சம் 7 சதவீத வட்டியில் இருந்தால் வருடம் ஏறக்குறைய 43,000 வீதம் 25 வருடமும் எடுத்துச் செலவழிக்கலாம். அந்த 20,000-க்குப் பதில் இந்த 43,000-ஐ வைத்தால் இரவுக்கு 9,700 வருகிறது. எக்ஸ்சேஞ்ச் கட்டணம் அதற்கு மேல். சந்தா வருடாவருடம் ஏறும், அதையும் நான் சேர்க்கவில்லை.

ஆனால் நீங்கள் கொடுத்த 5 லட்சம் கொடுத்ததுதான். இப்போது முடிவெடுக்க அதைப் பார்க்காதீர்கள். இந்த வருடச் சந்தாவையும் எக்ஸ்சேஞ்ச் கட்டணத்தையும் மட்டும் கூட்டி, அதே தேதிக்கு அதே ஊரில் சமையலறையோடு வாடகை வீடு என்ன விலை என்று பாருங்கள். பாயிண்டில் குறைவாக வந்தால் எக்ஸ்சேஞ்ச், இல்லாவிட்டால் பாயிண்டை அடுத்த வருடத்துக்குத் தள்ளுங்கள். பாட்டாயா மாதிரி அறை மலிவாகக் கிடைக்கும் ஊருக்குப் பாயிண்டைச் செலவு செய்வது சுத்த நஷ்டம். அறை வாடகை யானை விலை விற்கும் ஊருக்குத்தான் அதை எடுக்க வேண்டும்.

ஓசூர்க்காரன்:

ஆடிட்டர் சார் சொன்ன யானை விலை ஊர்தான் நாங்கள் போனது, பின்லாந்து.

மகிந்திரா ஹாலிடேஸ் அங்கே ஹாலிடே கிளப் என்ற கம்பெனியில் 2015-ல் பெரும்பங்கு வாங்கியது. அதனால் அவர்களுடைய டைம்ஷேரான கிளப் மகிந்திராவில் இருக்கும் எங்களைப் போன்ற ஆட்களுக்கு அந்த ரிசார்ட்டுகள் நேரடியாகவே திறந்தன. நாங்கள் எடுத்தது சைமா ஏரிக் கரையில், இமாத்ரா பக்கம். ஹெல்சிங்கியிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரத்துக்குள். ஷெங்கன் விசாவுக்குத் தங்குமிடச் சான்றாக ரிசார்ட் கன்ஃபர்மேஷனைத்தான் கொடுத்தோம். அதில் வீட்டார் எல்லோர் பெயரும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முதலில் என் பெயர் மட்டும்தான் வந்தது, இரண்டு மெயில் போட்டுத் திருத்தி வாங்கினோம்.

ஏன் சுலபமாகக் கிடைத்தது என்றால், நம் பிள்ளைகளின் மே மாத லீவு அவர்களுக்கு சீசனே இல்லை. பிப்ரவரி, மார்ச்சில் பனிச்சறுக்கு, ஜூனிலிருந்து கோடை விடுமுறை. நடுவில் ரிசார்ட் காலி. வெளிநாட்டு எக்ஸ்சேஞ்ச் தேடும் தமிழ்நாட்டு ஆட்கள் முதலில் பார்க்க வேண்டியது இதுதான், நம் லீவில் எந்த ஊர் சும்மா கிடக்கிறது என்று. தாய்லாந்திலும் இதே கதைதான். மே மாதம் ஃபூக்கெட் பக்கம் மழை தொடங்கிவிடும், கடலில் சிவப்புக் கொடி, அதனால் அறை நிறைய இருக்கும். அதே நேரத்தில் கோ சமூய் பக்கம் கடல் அமைதியாக இருக்கும். அறை கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு ஃபூக்கெட் போடாதீர்கள்.

சும்மா கிடப்பதில் குறையும் உண்டு. இமாத்ராவில் பேர் போன ஒரு அருவி இருக்கிறது. அணை கட்டி மின்சாரத்துக்குத் திருப்பிவிட்டார்கள், கோடை மாலைகளில் மதகைத் திறந்து இசையோடு தண்ணீர் விடுவார்கள். நாங்கள் போனபோது வெறும் பாறை. கூட வந்த மாமா பாலத்தில் நின்று, "ஒகேனக்கல்லே பரவால்லடா" என்றார். ஏரித் தண்ணீரில் கால் வைக்க முடியவில்லை, அவ்வளவு குளிர். ஆனால் வீட்டுக்குள்ளேயே சௌனா. சூடான கல்லில் கரண்டியால் தண்ணீர் ஊற்றி ஆவி வரவைப்பது. மாமா முதல் நாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஓடினார், மூன்றாம் நாளிலிருந்து அவர்தான் கரண்டியை யாரிடமும் தரவில்லை. இரவு பத்து மணிக்கும் வெளிச்சம், திரைச்சீலையை இழுத்து மூடாவிட்டால் குழந்தைகள் தூங்காது.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல் எடுத்துப் போனோம். அடுப்பு இண்டக்ஷன், அலுமினிய குக்கர் வேலை செய்யாது. ஸ்டீல் குக்கர் எடுத்துப் போங்கள்.

அண்ணாநகர் அப்பா:

எல்லோருக்கும் நன்றி. மே மாத விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. ஒரே ஒரு கேள்வி: நாங்கள் போக முடியாவிட்டால் டப்ளினில் இருக்கும் மகள் குடும்பத்தை அனுப்ப முடியுமா?

டொரொன்டோ அக்கா:

முடியும் அண்ணா. கெஸ்ட் சர்டிபிகேட் என்று ஒன்று எடுக்க வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. பாஸ்போர்ட்டில் இருக்கிற மாதிரியே மகளின் பெயர் போடுங்கோ. எங்கட ஆக்கள் வீட்டுப் பெயரைப் போட்டு ரிசெப்ஷனில் நின்று கதைத்த கதை நிறைய இருக்கு. எக்ஸ்சேஞ்சில் எடுத்ததைக் காசுக்கு வாடகைக்கு விட மட்டும் கூடாது, கண்டுபிடித்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.